ஒரே பெடலில் இரண்டு வேலை

மட்டக்களப்பில் கோயில் திருவிழா மேடை, கல்யாண மண்டபம், தேவாலய ஆராதனை என்று ஒரே கிற்றாரோடு எல்லா இடமும் போகிறவர்களுக்கு இது. கிற்றார் சத்தத்தை மெல்லக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ், பலமாக உறும வைக்கும் டிஸ்டோர்ஷன் என்ற இரண்டு கால் பெடல்களையும் தனித்தனியாக வாங்கப் பணம் இல்லையென்றால் 'ராட்' வகைப் பெடலைப் பாருங்கள். டிஸ்டோர்ஷன் குமிழைக் கால்வாசிக்குக் கீழே வைத்தால் ஓவர்டிரைவ் போல மெல்லக் கரகரக்கும். ஏற்றினால் ராக் பாட்டுக்கு வேண்டிய முழு உறுமல். அதன் ஃபில்டர் குமிழ் மட்டும் தலைகீழ்: வலப்பக்கம் திருப்பத் திருப்பக் கூர்மை குறையும்.

எதை வாங்கினாலும் கடையில் இப்படிப் பாருங்கள். பெடலைப் போட்டு ஒரு கோர்டை அடித்துக்கொண்டே கிற்றாரின் வொலியூமை 10இலிருந்து 4க்கு இறக்குங்கள். கரகரப்பு விலகி ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்டால் சரி, அந்தப் பெடல் பல பாட்டுக்கு உதவும். அப்போதும் சத்தம் கலங்கியே இருந்தால் வேண்டாம்.

கல்லடியில் ஒத்திகை அறைக்குள் அருமையாக இருந்த என் டிஸ்டோர்ஷன், திறந்த மேடையில் கீபோர்டுக்குள் காணாமல் போனது. தாழ் ஓசைக்கும் உச்ச ஓசைக்கும் இடைப்பட்ட நடு ஓசையைக் குறைத்து வைத்திருந்ததுதான் காரணம். டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல் அந்த நடு ஓசையைத் தூக்கித் தருவதால், சோலோ வாசிப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம், அடப்டர். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். கீபோர்டு அடப்டரைப் பார்க்காமல் செருகாதீர்கள், முனை மாறினால் பெடல் எரிந்துவிடலாம்.