குற்றவாளி பிடிபடாவிட்டாலும் இழப்பீடு கோரலாம்

கொலை, பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்ற கொடுங்குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களும், அவர்களைச் சார்ந்து வாழ்ந்த குடும்பத்தினரும், வழக்கின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றே பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 396ஆம் பிரிவின்படி, குற்றவாளி யாரென்று தெரியாமல் நீதிமன்ற விசாரணையே நடக்காத நிலையிலும், பாதிக்கப்பட்டவர் மாநில அரசின் நிதியிலிருந்து இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். பழைய சட்டத்தின் 357ஏ பிரிவிலும் இந்த உரிமை இருந்தது. ஆனால் துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் இதை எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு என்பதே என் வருத்தம்.

விண்ணப்பத்தை, பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் அளிக்க வேண்டும்; முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவச் சான்றுகள், செலவு ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணைத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. உடனடிச் சிகிச்சை தேவையெனில், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ நீதித்துறை நடுவரோ தரும் சான்றின் பேரில், இலவச மருத்துவ உதவிக்கோ இடைக்கால நிவாரணத்துக்கோ ஆணைக்குழு உத்தரவிடலாம் என்பதால், முழுத் தொகைக்காகக் காத்திராமல் அதையும் தனியே கேளுங்கள்.

விண்ணப்பிக்கக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். அதற்கான தொலைபேசி எண் 15100.