பிள்ளைக்குப் பொறுப்பு வர வேண்டுமா? முதலில் ஆணியை இறக்கி அடியுங்கள்

"எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பொறுப்பே இல்லைங்க" என்று யாராவது புலம்பினால், அவர்கள் வீட்டுக்குப் போகும்போது நான் முதலில் பார்ப்பது கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணியைத்தான். பை மாட்டுகிற ஆணி, சட்டை மாட்டுகிற கொக்கி எல்லாம் ஐந்தரை அடி உயரத்தில் இருக்கும், பிள்ளை மூன்றரை அடி இருப்பான். பையை அவன் சோபாவில் எறியாமல் வேறு எங்கே வைப்பான்? எங்கள் வீட்டிலும் தினமும் சாயங்காலம் இதே சண்டைதான். ஒருநாள் என் கணவர் இரண்டு ஆணியைப் பிடுங்கி அவன் தோள் உயரத்தில் அடித்தார், கூடவே அவன் தட்டு, டம்ளர், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் சமையல் மேடைக்குக் கீழ்த்தட்டுக்கு மாற்றினோம். ஒரே வாரத்தில் பாதிச் சண்டை போய்விட்டது.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஆரம்பித்த பள்ளியில், குழந்தைகள் தாங்களே எடுத்துத் தாங்களே திருப்பி வைக்கிற உயரத்தில்தான் அலமாரி, மேசை எல்லாம் வைக்கப்பட்டன. அந்த அம்மா 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார், இரண்டாம் உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் கொஞ்ச காலம் இருந்தார். நாம் கொடைக்கானல் போனால் சாக்லேட் மட்டும் வாங்கி வருகிறோம்.

சரி, கைக்கு எட்டியாயிற்று. அப்புறம் வேலை. "அம்மாவுக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணு" என்பதெல்லாம் வேலையே இல்லை, அது நம் வேலையில் அவன் கை வைப்பது. அவன் செய்யாவிட்டால் வீட்டில் ஒன்று நின்றுபோக வேண்டும், அதுதான் அவன் வேலை. எங்கள் மகனுக்கு ஒன்பது வயதில் தண்ணீர் கேனைக் கொடுத்தோம். தீரப்போகிறது என்று பார்த்து, என் போனிலிருந்து கேன்காரருக்குச் சொல்லி, காலி கேனை வாசலில் எடுத்து வைப்பது வரை எல்லாம் அவன் பாடு. மூன்றாவது வாரமே கோட்டை விட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்தாட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கேனைச் சாய்த்தால் அரை டம்ளர் தண்ணீர் வருகிறது. ஆச்சி போனை எடுக்கப் போனார்கள், நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவன் முகம் சிவந்துபோய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கி வந்தான், பாதிப் படியில் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நான் திட்டவில்லை, திட்டியிருந்தால் அவனுக்குத் திட்டுதான் ஞாபகம் இருந்திருக்கும். இப்போது பள்ளிக்குக் கிளம்பும்போது கேனைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறான்.

மூன்று நான்கு வயதில் செருப்பை ஜோடி சேர்க்கலாம், ஆறு ஏழில் கறிவேப்பிலை உருவலாம், பூண்டு உரிக்கலாம். எட்டு வயதுக்கு மேல் கடைக்கு அனுப்புங்கள். முதல் வாரம் கூடவே போங்கள், அடுத்த வாரம் பால்கனியில் நின்று பாருங்கள், அதற்கடுத்து அதுவும் வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் கடை அண்ணாச்சி, இஸ்திரி போடுகிறவர், வாட்ச்மேன் எல்லோரிடமும் "இனிமே இவன்தான் வருவான்" என்று சொல்லி வைத்துவிடுங்கள், தெருவில் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளைக்குத் தானாகவே ஒரு நிதானம் வரும். பத்து நிமிடத்தில் வாசலுக்கே எல்லாம் வந்துவிடுகிற இந்தக் காலத்தில் பிள்ளைகள் இழந்தது இந்த நாலு பேரைத்தான். நசுங்கிய தக்காளி வாங்கி வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், அன்றைக்குத் தக்காளிச் சட்னி.

காசும் அப்படித்தான். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க 2014-லேயே ரிசர்வ் வங்கி வழி செய்துவிட்டது. சுவாதீனமாகப் படிவம் நிரப்பட்டும், எழுத்துப் பிழை வந்தால் வேறு படிவம் கேட்டு வாங்கட்டும்.

அடுத்தது நமக்கு. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 28 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2013-ல் வெளியானது. முதலில் படம் வரைய நல்ல கலர் பென்சிலும் ஸ்டிக்கரும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள், மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டாவது தருவோம் என்றார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட 14 பேரில் ஒன்பது பேர் முழுசாகப் பதினைந்து நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த 14 பேரில் ஒரே ஒருவர். பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று சொல்வதற்கு முன், பொருட்காட்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று எத்தனை தடவை சொல்லி எத்தனை தடவை போனோம் என்று எண்ணிப் பாருங்கள். கடன் கேட்டு வந்தவரிடம் "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று அனுப்பியதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

இன்னொரு கூத்து உண்டு. பால் பாக்கெட் வாங்க ரோட்டைத் தாண்ட விடாத அதே அப்பா, பையனுக்குப் பதினாலு வயதானதும் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அது பொறுப்பு கொடுப்பது இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி இதற்குப் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

கடைசியாக, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், பிள்ளைக்கு முன்னால் பேச வேண்டாம். "சின்னப் பிள்ளைகிட்ட போய் வேலை வாங்குறியே" என்று ஆச்சி ஒரு மாதம் என்னோடு சரியாகவே பேசவில்லை. அவர்களும் பத்து வயதில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்தானே என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டு வைத்தேன். போன வாரம் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த கேன்காரர் நம்பர் கிழிந்துவிட்டது என்று நான் பேப்பர் தேடினால், அதற்குள் ஆச்சி பேரனைக் கூப்பிட்டு, "டேய், உன் டிபார்ட்மென்ட்தானே, நீயே எழுதி ஒட்டு" என்கிறார்கள்.