நாலு மணிக்கு விலையை உடைக்காதீர்கள்: முதல் கைவினைக் கடை போடுபவர்களுக்கு

தீபாவளி நெருங்கினால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கைவினைக் கடை போட வருஷா வருஷம் புதுமுகங்கள் வருகிறார்கள். மேசை விரிப்பு, பெயர்ப்பலகை, சிரித்த முகம் இதையெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன். நான் ஒரு காலத்தில் ஆடிய கூத்தையே இவர்களும் ஆடுவதைப் பக்கத்துக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அந்தத் தப்புகள்தான் கீழே.

நாலு மணி விலை

போன தீபாவளிச் சந்தையில் என் பக்கத்துக் கடை ஒரு சின்னப் பெண்ணுடையது. பட்டுநூல் வளையல், செட் 25 வெள்ளி (ரிங்கிட்). வேலை சுத்தம், நூல் முனை எங்கும் தெரியவில்லை, கல் வரிசை கோணவில்லை. காலையில் ஓரளவு போனது. மத்தியானம் கூட்டம் குறைந்தது, நாலு மணிக்கு வானம் இருட்டியது. பயந்துபோய் அட்டையில் 25ஐ அடித்துவிட்டு 10 என்று எழுதிவிட்டாள். மளமளவென்று விற்றது, அது உண்மை. ஆனால் காலையில் 25 கொடுத்து வாங்கிய அம்மா, மகளையும் கூட்டிக்கொண்டு இன்னொரு செட் வாங்கத் திரும்பி வந்தார். அட்டையைப் பார்த்தார். "ஏம்மா, காலையிலேயே வந்த நான் என்ன ஏமாளியா?" அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை.

பெரிய ஊரென்றால் அந்த அம்மாவை மறுபடி பார்க்கவே மாட்டோம். இங்கே கோயிலில் பார்ப்போம், தமிழ்ப்பள்ளி வாசலில் பார்ப்போம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த பிறகும் சேதி பழைய லயத்து வரிசை வீடுகளின் வேகத்தில்தான் பரவுகிறது. அடுத்த சந்தையில் அவள் கடையைத் தாண்டிப் போனவர்கள் சொன்னது: "நாலு மணிக்கு மேல வரேன் தங்கச்சி."

கணக்கைப் பாருங்கள். ஒரு செட்டுக்கு நூல், கல், பசை எல்லாம் 4 வெள்ளி, உழைப்பு 2 மணி நேரம் என்று வையுங்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.17. இரண்டு மணிக்கு 16.34, பொருளோடு 20.34. கடை வாடகையும் பெட்ரோலும் இன்னும் சேரவில்லை. 10 வெள்ளிக்குக் கொடுத்தால் 2 மணி உழைப்புக்குக் கூலி 6 வெள்ளி. தோட்டத்தில் யாராவது இந்தக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தால் தொழிற்சங்கத்துக்குப் போயிருப்போம்.

25க்கு ஆள் இல்லையென்றால் ஒரே ஒரு கல் வரிசையோடு, ஒரு மணி நேரத்தில் முடிகிற மாதிரி இன்னொரு வளையல் செய்து 15க்கு வையுங்கள். முதல் செட்டின் விலையைத் தொடாதீர்கள். மிஞ்சியதைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் பொங்கல் இருக்கிறது, கல்யாணங்கள் இருக்கின்றன. வளையல் என்ன நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலமா, பொழுது சாய்ந்தால் ஊசிப்போக?

பேரம் பேசுபவரிடம் விலையைக் குறைப்பதைவிட, செய்த விதத்தைச் சொல்லுங்கள். நம் பக்கத்து குவாலா கங்சாரில் செய்யும் லாபு சாயோங் பானையின் கறுப்பு, சாயம் பூசியது அல்ல. சுட்ட சூட்டோடு உமியில் போடுவதால் வருவது. இதை எடுத்துச் சொல்லி விற்பவரிடம் ஆட்கள் அதிகம் மல்லுக்கட்டுவதில்லை, கவனித்திருக்கிறேன். அப்புறமும் கேட்டால் ஒரு சின்னக் கிளிப்பை இலவசமாகச் சேர்த்துக் கொடுங்கள், போதும்.

எல்லாச் சாமானுக்கும் ஒரே விலை வைப்பது

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதனால் மாதத்தின் முதல் வாரத்தில் கை கொஞ்சம் தாராளம். சந்தை மாதக் கடைசியில் என்றால் 3 வெள்ளி, 5 வெள்ளிச் சாமான்கள் மேசையின் முன்வரிசையில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளின் கையில் இருப்பதும் அவ்வளவுதான்.

வெயிலில் நிற்கும் காருக்குள் நகைப்பெட்டி

சூட்டுப் பசை இளகும். வேண்டாம்.

கியூஆர் இருக்கிறதே என்று சில்லறை இல்லாமல் வருவது

போனில் பணம் வாங்கும் டூயிட்நவ் கியூஆர் அட்டை அவசியம்தான். ஆனால் பாட்டிமார் 50 வெள்ளி நோட்டோடு வருவார்கள். அப்புறம், வாங்குபவர் தன் போனைக் காட்டியதும் பையை நீட்டிவிடாதீர்கள். பணம் உங்கள் போனில் வந்ததா பாருங்கள்.

பதிவைத் தள்ளிப்போடுவது

தொடர்ந்து விற்கப் போகிறீர்கள் என்றால், வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் 60.