டர்போ இன்ஜினை வீட்டில் கட்டுவோருக்கு: பிஸ்டன் ரிங் இடைவெளி அளக்கும் முறை

டர்போ பொருத்திய இன்ஜினைப் பிரித்துக் கட்டப் பழகுவோர், போல்ட் முடுக்குவதில் காட்டும் அக்கறையை, பிஸ்டனைச் சுற்றி மாட்டும், ஓரிடத்தில் வெட்டு உள்ள வளையமான ரிங்கை அளப்பதில் காட்டுவதில்லை. சூட்டில் ரிங் நீளும். அதன் இரு முனைகளுக்கு நடுவே போதிய இடம் இல்லையென்றால், அவை முட்டிக்கொண்டு போரை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின் சுவரை, கீறுவதோடு, பிஸ்டனில் ரிங் அமரும் பகுதியையே உடைத்துவிடும்.

முதலில் இடம். செட்டிநாட்டு வீட்டில் வளவு வசதியாகத் தோன்றினாலும், ஆடிக் காற்றில் திறந்த முற்றத்தின் வழியே புழுதி இறங்கும் என்பதால், கதவடைத்த உள்ளறையே ஏற்றது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய்க் கறை ஊறிவிடும். தார்ப்பாய் விரிக்க மறந்து அப்பத்தாவிடம் ஏச்சு வாங்கியவன் சொல்கிறேன்.

போரிங் (துளையைக் கடைந்து பெரிதாக்குவது), ஹோனிங் (அதன் சுவரில் சாணைக்கல்லால் நுண்கீறல் இடுவது) வேலைகளைக் காரைக்குடியிலோ மதுரையிலோ உள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள். சிலிண்டர்கள் உள்ள பிளாக் திரும்பியதும் வெந்நீரும் சோப்பும் கொண்டு பிரஷால் தேய்த்துக் கழுவவும். பெட்ரோல் மட்டும் ஊற்றினால் ஹோனிங் துகள்கள் கீறல்களுக்குள் தங்கிவிடும். உடனே உலர்த்தி, எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடியும் கழுவ வேண்டும்.

அடுத்து, மேல் ரிங்கைப் போருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் சுமார் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தள்ளினால் அது சாயாமல் அமரும். முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய அளவுத் தகடுகளை) நுழைத்து அளக்கவும். பிஸ்டன் பெட்டியில் வரும் தாளில் உள்ள அளவே முடிவானது என்றாலும், போர் விட்டத்தை டர்போ இல்லாத இன்ஜினுக்கு 0.004-ஆலும், டர்போ இன்ஜினுக்கு 0.006-ஆலும் பெருக்குவது பழகிய கணக்கு. 75 மில்லிமீட்டர் போருக்கு இவை முறையே 0.30, 0.45 மில்லிமீட்டர் ஆகும்.

இடைவெளி போதாவிட்டால், ரிங் முனையைத் தேய்க்கும் சுழல் அரமான ரிங் ஃபைலரில் ஒரு முனையை மட்டும், வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி அராவ வேண்டும். திசை மாறினால் வெளிப்புறப் பூச்சு பெயரக்கூடும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அவசரத்தில் ஒரு செட் ரிங்கையே நான் வீணாக்கியிருக்கிறேன். இருந்தாலும், இடைவெளி ஓர் இழை கூடினால் கொஞ்சம் அழுத்தம் கசியும், குறைந்தாலோ பிஸ்டனே போய்விடும் என்பதால், ஐயம் வந்தால் கூடுதல் பக்கமே சாய்வேன்.

பிசிறை எண்ணெய்க்கல்லில் நீக்கிய பின், அளந்த ரிங்குகளை அந்தந்த சிலிண்டர் எண் எழுதிய உறைகளில் போட்டு வையுங்கள். ஒரு சிலிண்டருக்கு அராவிய ரிங்கை இன்னொன்றில் மாட்டக்கூடாது.