நர்ஸ் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களா? அடுத்து செய்ய வேண்டியவை

முதல் வேலை காகிதங்கள். அனுபவச் சான்றிதழ், ரிலீவிங் ஆர்டர், ஆஸ்பத்திரி வாங்கி வைத்திருக்கும் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஹெச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தை நாளைக்கு ஆதாரமாகாது. வேலை போனதால் மட்டும் நர்சிங் கவுன்சில் பதிவு ரத்தாகிவிடாது, அந்தப் பயம் வேண்டாம்.

அந்த வேலையை பயோடேட்டாவில் மறைக்காதீர்கள். பிஎஃப் கணக்கிலேயே எங்கே, எதுவரை என்று இருக்கும். வளைகுடாவுக்குப் போனால், சான்றிதழும் அனுபவமும் உண்மையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சரிபார்ப்பில் பழைய ஆஸ்பத்திரிக்கே கேள்வி போகும்.

இன்டர்வியூவில் ஏன் விட்டீர்கள் என்றால் என்ன நடந்தது, இப்போது எப்படிக் கவனமாக இருக்கிறீர்கள், அவ்வளவுதான். மருந்து மாறிப்போன விஷயம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பழைய நர்சிங் சூப்பரின்டெண்டைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள், எதிரே கேள்வி கேட்பவரும் பெரும்பாலும் ஒரு நர்சிங் சூப்பரின்டெண்ட்தான்! பரிந்துரைக்கு, கூட வேலை பார்த்த வார்டு சிஸ்டரையோ டாக்டரையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அப்புறம், கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளையே சுற்ற வேண்டாம். டயாலிசிஸ் சென்டர், ஹோம் கேர் பாருங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தச் செவிலியர் அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்தில் வரும், அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்ஆர்பி) தளம். வெளிநாடு என்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதியுங்கள், தெரியாத ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டாதீர்கள்.