சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டைக் காப்பது எப்படி?

மதுரையில் மாசி வீதிகளின் பக்கம் காரை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், டேஷ்போர்டு கை வைக்க முடியாதபடி கொதித்துவிடுகிறது. முன்கண்ணாடி இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒட்டப்பட்டது என்பதால் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆயினும் வெப்பம் உள்ளே வந்து தங்குகிறது. பல ஆண்டுகள் இவ்வாறு காய்ந்தால் பிளாஸ்டிக் வெளுத்து, நெளிந்து, வெடிக்கும். ஆகவே தினமும் திறந்தவெளியில் நிற்கும் காருக்குப் பாதுகாப்பு அவசியம். கூரையுள்ள கொட்டகையில் நிற்பதற்கு அவ்வளவாகத் தேவையில்லை.

வெள்ளி நிற மறைப்பை, பளபளப்பான பக்கம் வெளியே பார்க்க, முன்கண்ணாடியை ஒட்டி இடைவெளியின்றி விரித்து வையுங்கள். கண்ணாடிக்கு வெளியே போடும் உறை இன்னும் மேலானது. வெப்பம் உள்ளே நுழையும் முன்பே அது தடுத்துவிடுகிறது. காலையில் காரின் முகம் மேற்கு நோக்கியும், பிற்பகலில் கிழக்கு நோக்கியும் இருக்கட்டும். சித்திரைத் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்பதால், அப்போது எத்திசையும் உதவாது. வேப்பமர நிழலையே தேடுங்கள்.

டேஷ்போர்டின் மேல் துணி விரிப்பு போடுவோர், பயணி பக்கத்து ஏர்பேக் திறக்கும் இடத்தை அது மூடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் அலட்சியம் உயிருக்கே ஆபத்து. எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்யும், புழுதியையும் பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.