கணக்கில் முந்தும் பிள்ளைக்காகப் பள்ளியில் பேசுவது எப்படி?

பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்று சொல்லாத பெற்றோர் இல்லை என்பதால், அந்தப் பேச்சை ஆசிரியர் புன்னகையோடு கடந்துவிடுவார். மதிப்பெண் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு ரஃப் நோட்டை எடுத்துச் செல்லுங்கள். ஆறாம் வகுப்பில் படித்தபோது என் மகள் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 7 × 9 = 63, 8 × 8 = 64 என்றும், 11 × 13 = 143, 12 × 12 = 144 என்றும் எழுதி, அடியில் "எப்போதும் ஒன்று குறைகிறதே, ஏன்?" என்று கேட்டிருந்தாள். வழிமுறை எழுதாததற்கு மதிப்பெண் குறைத்தார்கள் என்று கடலூரில் அவள் படித்த பள்ளிக்குப் போய் வாதாடிய நான் வெறுங்கையோடுதான் திரும்பினேன். அடுத்த முறை அந்தப் பக்கத்தைக் காட்டிய பிறகே கணக்கு ஆசிரியர் என்னை உட்காரச் சொன்னார்.

பெற்றோர் கூட்டத்தன்று, பின்னால் வரிசை நிற்கும்போது இதைப் பேச முடியாது. தனியாக நேரம் கேளுங்கள். கேட்பதும் சிறியதாக இருக்கட்டும்: பயிற்சியின் கடைசியில் உள்ள கடினமான நான்கைந்து கணக்குகளைச் சரியாகப் போட்டுக் காட்டினால், மீதி நேரத்தில் வேறு கணக்குக்கு அனுமதி தர முடியுமா என்பது போதும். பதிலுக்கு, தேர்வில் பிள்ளை வழிமுறையை முழுதாக எழுதும் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுத்தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு என்பதால் ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. முடித்த பிள்ளை மற்ற மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்பார்கள்; நல்லதுதான், ஆனால் அதுவே அன்றாட வேலையானால் அந்தப் பிள்ளை கற்பது எப்போது? டபுள் புரமோஷனை நான் கேட்கமாட்டேன், ஏனெனில் கணக்கில் முந்திய பிள்ளை மற்ற பாடங்களில் வயதுக்கேற்றபடியே இருக்கலாம்.

சென்னையிலுள்ள இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறித் தேர்வில் 5, 6ஆம் வகுப்பினருக்கே தனி நிலை உண்டு. 8ஆம் வகுப்பு முதல் கணித ஒலிம்பியாட் போட்டிக்கான தகுதித் தேர்வான ஐஓகியூஎம் (IOQM) எழுதலாம். கடலூரின் சமச்சீர்ப் பாடமானாலும் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் சிபிஎஸ்இ பாடமானாலும் தடையில்லை. பள்ளி வழியாகப் பதிவு செய்ய முடியுமா என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து அதே நோட்டோடு மீண்டும் ஆசிரியரைப் பாருங்கள். புதிய பக்கங்கள் நிரம்பவில்லையென்றால், கொடுத்த கணக்கு மிக எளிதா, மிகக் கடினமா என்று பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள்.